ஸ்டீயரிங் ஆட்டமா? பாக்ஸைக் கழற்றும் முன் கப்ளிங்கைப் பாருங்கள்

கேத்தி பாலாடாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய லாரி, பவர் ஸ்டீயரிங் கிடையாது, கேரட் ஏற்றிக்கொண்டு குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருகிறது. ஸ்டீயரிங்கில் ஆட்டம் வந்துவிட்டது, வளைவில் ஒடிக்கும்போது காலடியில் ‘டொக்’ என்று சத்தம். டை ராட் எண்ட் (முன் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) மாற்றியும் ஆட்டம் போகவில்லை. ஒரு மெக்கானிக் ஸ்டீயரிங் பாக்ஸையே, அதாவது சக்கரத்துத் திருப்பலைக் கீழே கடத்தும் பற்சக்கரப் பெட்டியையே மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் கப்ளிங்கில், அதாவது ஸ்டீயரிங் தண்டையும் பாக்ஸையும் சேர்க்கும் மூட்டில், நாலு பொட்டு வெல்டிங் வைத்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பாகம் வாங்கினால், கடைக்காரருக்குத்தான் லாபம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். முன் சக்கரம் நேராக, தரையில் ஊன்றியபடியே இருக்கட்டும், ஜாக்கி இப்போது வேண்டாம். இன்ஜின் ஆஃப். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இடமும் வலமும் அசைக்கட்டும். நீங்கள் மேலிருந்து வரிசையாக ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள்: காலம் ஷாஃப்ட் (ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து இறங்கும் தண்டு), கப்ளிங், பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட், அப்புறம் டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை), டிராக் லிங்க் (அந்தக் கையிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகும் கம்பி). இணைப்பின் இரண்டு பக்கமும் படுகிற மாதிரி விரலை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூடக் கையில் தெரியும். மேல் பாகம் நகர்ந்து கீழ்ப் பாகம் சும்மா நிற்கிற இடம்தான் குற்றவாளி. கப்ளிங்குக்குக் கீழே உள்ள ஷாஃப்ட் உடனே திரும்பி, டிராப் ஆர்ம் மட்டும் தாமதமாக அசைந்தால் அப்போதுதான் பாக்ஸின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

மோட்டார் வாகன விதிப்படி (1989ஆம் ஆண்டு மத்திய விதிகள், விதி 98) ஸ்டீயரிங் சக்கரத்தில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் என்றால் விளிம்பில் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) வேண்டுமானால் அது எல்லையாக இருக்கலாம், லோடோடு குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக இறங்குகிறவருக்கு அதில் பாதியே அதிகம் என்பேன். குன்னூர் மலைப்பாதையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங் இந்தப் பக்கம் முழுசு, அந்தப் பக்கம் முழுசு. போதாததற்கு மழையும் மூடுபனியும் சேர்ந்து மூட்டுகளில் துரு ஏற்றிவிடும்.

கப்ளிங் என்று வந்தால் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, துணி இழை வைத்த கெட்டி ரப்பர் தட்டு, இரண்டு பக்கமும் போல்ட்டு போட்டது. போல்ட்டு ஓட்டை நீள்வட்டமாகியிருந்தாலோ, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலோ, ஆயில் குடித்து ரப்பர் உப்பியிருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. ஆயில் மேலிருந்து கசிகிறது என்றால் முதலில் அந்தக் கசிவை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புதுத் தட்டும் அதே கதிதான். மற்றது யுஜே கிராஸ், அதாவது யுனிவர்சல் ஜாயின்டும் அதன் நடுவில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டும். இதில் ஆட்டம் மட்டும் பார்த்தால் போதாது. துருப்பிடித்த கிராஸ் ஆடாமல் இறுகியும் நிற்கும், அப்போது ஸ்டீயரிங் ஒரு இடத்தில் கனமாகவும் அடுத்த இடத்தில் லேசாகவும் வரும். கிராஸின் முனையில் இருக்கும் கேப்பை (மூடியை) உளி வைத்துக் குத்தி நிறுத்தியிருக்கிற வகையானால் கிராஸை மட்டும் மாற்ற முயலாதீர்கள், ஷாஃப்டோடு வாங்குங்கள்.

கழற்றுவதற்கு முன் பேட்டரி ஒயரை எடுத்துவிடுங்கள். சக்கரம் நேராக இருக்கும்போதே காலம் ஷாஃப்ட், கப்ளிங், பாக்ஸ் ஷாஃப்ட் மூன்றிலும் ஒரே கோட்டில் பெயின்ட் அடையாளம் வையுங்கள். பிரித்த பிறகு யாரும் ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பார்க்கக் கூடாது.

கப்ளிங்கை ஷாஃப்டில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். லூஸ் செய்தால் கப்ளிங் கழன்று வந்துவிடும் என்று நினைத்து இழு இழு என்று இழுப்பார்கள். பல வண்டிகளில் அந்தப் போல்ட்டு ஷாஃப்டில் வெட்டிய பள்ளத்தின் வழியாகப் போகிறது, முழுசாக வெளியே எடுத்தால்தான் கப்ளிங் நகரும். துரு இளக்கும் ஆயிலை முதல் நாள் இரவே அடித்து ஊறவிடுங்கள். காலையில் கிளாம்பின் வெட்டில் ஒரு தட்டை உளியை லேசாகச் செருகி வாயைக் கொஞ்சம் விரித்தால் போதும். சுத்தியலால் ஷாஃப்டை நேராக அடிக்காதீர்கள், அந்த அடி பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கில் போய் இறங்கும், அப்புறம் இல்லாத செலவை நாமே வரவழைத்த கதையாகிவிடும். கேஸ் வைத்துச் சூடு காட்டினால் ஆயில் சீல் போய்விடும். வெளியே எடுக்க இடம் போதவில்லையா, ஸ்டீயரிங் காலம் ஷாஃப்டைத் தாங்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி மேலே கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம்.

மாட்டும்போது ஸ்ப்ளைன் பற்களை (ஷாஃப்ட் முனையிலும் கப்ளிங்குக்குள்ளும் வெட்டிய பற்களை) பிரஷ் போட்டுத் துடைத்துப் பாருங்கள். பல் தேய்ந்திருந்தால் அந்தப் பாகம் போனதுதான், தகரத் துண்டை இடையில் செருகி இறுக்குகிற வேலை வேண்டாம். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் யுஜே இருந்தால், இரண்டு யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை வடிவ முனைகள்) பழையபடி ஒரே வரிசையில் நிற்க வேண்டும், ஒரு பல் தள்ளி மாட்டினாலும் திருப்பும்போது கை சொல்லிவிடும். போல்ட்டும் லாக் நட்டும் புதுசு, அதே தரத்தில். இறுக்கம் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு, டார்க் ஸ்பேனர் உள்ள பட்டறையில். ரப்பர் தட்டு மாற்றியதும் ஹாரன் அடிக்கவில்லை என்றால் பயப்படாதீர்கள். சில வண்டிகளில் ஹாரனுக்கு எர்த் அந்தத் தட்டைத் தாண்டிப் போகும் சின்ன ஒயர் வழியாகத்தான் வருகிறது, அதை மாட்ட மறந்திருப்பார்கள்.

வெல்டிங் விஷயம்: கூடவே கூடாது. ரப்பர் வகை என்றால் வெல்டிங் சூட்டிலேயே தட்டு எரிந்துபோகும், இரும்பு வகை என்றால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். அது விட்டுப்போகிற நேரம் வளைவில் முழு லோடில் ஒடிக்கும்போதாகத்தான் இருக்கும். அதேபோல பாக்ஸின் மேல் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவைத் திருகி ஆட்டத்தை மறைக்கவும் விடாதீர்கள். ஆட்டம் கப்ளிங்கில் இருக்க, பாக்ஸை இறுக்கினால் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்தும் தானாகத் திரும்பாது. ஏற்கெனவே யாராவது திருகியிருந்தால், கப்ளிங் மாற்றிய பிறகு அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள், எங்கேயும் பிடிக்கக் கூடாது, பிரேக் பைப்பிலோ ஒயரிலோ உரசக் கூடாது. முதலில் லோடு இல்லாமல் ஊருக்குள் ஓட்டுங்கள். ஒரு வாரம் ஓடிய பின் போல்ட்டுகளை இன்னொரு தடவை பாருங்கள்.

கோவையில் பழைய சாமான் கடையில் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டிராப் ஆர்ம் மாதிரி கனமான இரும்பை நன்றாகப் பார்த்து வாங்குவேன். ரப்பர் தட்டையும் யுஜேயையும் பழசில் வாங்க மாட்டேன். புதுசு வாங்கும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், ஸ்ப்ளைன் பல்லை எண்ணி, போல்ட்டு ஓட்டைகளின் இடைவெளியை அளந்து பார்த்து வாங்குங்கள், பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் நம்பி மலை ஏறிவிடாதீர்கள்.