பழைய காரில் நீண்ட தூரம் போகும்போது குறைந்த செலவில் பாட்டுக் கேட்பது எப்படி?

நெல்லையிலிருந்து மதுரைக்கு அடிக்கடி போய்வருகிறேன், காரில் ரேடியோ மட்டும்தான் இருக்கிறது, அதிகம் செலவழிக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே சாலையில், அதே மாதிரி வண்டியில் இரண்டு ஆண்டுகள் அலைந்தவள் என்பதால் பதில் சொல்கிறேன். பென் டிரைவ் செருகும் வசதியுள்ள சாதாரண ஸ்டீரியோவை மாட்டுங்கள். திரை, தொடுதிரை எதுவும் வேண்டாம். அதற்கும் இப்போது வழியில்லை என்றால் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போதும்.

என் அம்மாவுக்கு மதுரையில் சிகிச்சை. அம்பாசமுத்திரத்திலிருந்து போக மட்டும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடியுமுன் கிளம்பி அன்றே திரும்புவோம். அப்பா வைத்துவிட்டுப் போன காரில் இருந்த கேசட் பிளேயர் நாடாவைக் கடித்துத் துப்பும்; ரேடியோ மட்டும் பாடும். முதல் இரண்டு பயணங்களில் அதையும் நான் போடவில்லை. அம்மா கண்ணை மூடாமல், பேசாமல், கைப்பிடியைப் பற்றியபடியே மதுரை வரை வந்தார். அந்த மௌனத்தில் வண்டி ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பது ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது முறை, நெல்லை ஜங்ஷனில் 350 ரூபாய்க்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். சிகரெட் லைட்டர் துளையில் செருகி, அதிலேயே பென் டிரைவைப் போட்டால், குட்டி வானொலி நிலையம்போல ஒலிபரப்பும். கார் ரேடியோவில் அதே அலைவரிசையை வைத்தால் பாட்டு வரும். விவரம் தெரியாமல் 100.3இல் வைத்துவிட்டேன். கோவில்பட்டி தாண்டியதும் பாட்டுக்குள் வேறொரு குரல் புகுந்தது. சாத்தூர் வரும்போது என் பாட்டே இல்லை. பக்கத்திலேயே 100.5இல் கொடைக்கானல் வானொலி இருக்கிறது. மலை உச்சியிலிருந்து வரும் அந்த அலைக்கு முன்னால் 350 ரூபாய்க் கருவி என்ன செய்யும்? தனியார் நிலையங்கள் 91க்கு மேல்தான் இருக்கின்றன. அதனால் 88ஐ ஒட்டி, வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் இடமாகப் பார்த்து வையுங்கள்.

ஆறு மாதம் கழித்துத்தான் ஸ்டீரியோ மாட்டினேன். மாட்டிய கடைக்காரர் எர்த் ஒயரைச் சரியாக இணைக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, பாட்டுக்கு அடியில் கொசு ரீங்காரம்போல ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போகும். ஸ்டீரியோவே கோளாறு என்று சொல்லி இன்னொன்றை விற்கப் பார்த்தார். வேறொரு கடையில் ஒரு பையன் போல்ட்டைச் சுற்றியிருந்த பெயின்டைச் சுரண்டிவிட்டு ஒயரை முறுக்கினான். சத்தம் நின்றது. உங்களுக்கும் அப்படிக் கேட்டால் முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பென் டிரைவைக் கணினியில் எஃப்ஏடி32 (FAT32) என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்யுங்கள். விலை குறைந்த ஸ்டீரியோக்கள் பலவும் மற்றதைப் படிக்காது. 16 ஜிபி போதும், சாதாரணத் தரத்தில் மூவாயிரம் பாட்டு பிடிக்கும். செல்போன் செயலியை நம்பினால், பாட்டுகளை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் பாட்டு ஒரு கேடா?" என்று மதினி கேட்டார். உங்களையும் யாராவது கேட்பார்கள். வண்டி ஓட்டும்போது பாட்டு ஆபத்து என்பவர்களுக்கும் சொல்கிறேன்: நான் இயர்போன் போட்டதில்லை, பின்னால் வரும் ஹாரன் கேட்காத அளவுக்குச் சத்தம் வைத்ததுமில்லை. பாட்டு தூக்கத்தை விரட்டும் என்றும் சொல்லவில்லை. தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தித் தூங்கிவிட வேண்டும்.

ஆனால் நிறுத்துவதற்கு இடம் எங்கே இருக்கிறது? சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் நொடியில் பணத்தை எடுத்துவிடுகிறது. மருந்தின் வேகத்தில் துடித்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனால் பெண்கள் கழிப்பறையில் பூட்டுத் தொங்குகிறது. சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நோயாளியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அங்கே நின்றேன். கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் அந்தச் சாலையைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட என்னால் முடியாது.

பாட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்கு சினிமாப் பாட்டு வேண்டாம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும், எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் மாமா பதிவுசெய்த சுடலைமாடன் வில்லுப்பாட்டும்தான் வேண்டும். வில்லுப்பாட்டு கேசட்டாக இருந்தது. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் மைக் துளைக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், அவ்வளவுதான் செலவு. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும், பொறுமை வேண்டும்.

காருகுறிச்சி எங்கள் வழியில்தான் இருக்கிறது. 1921இல் அங்கே பிறந்த அருணாசலத்துக்கு, அவர் வாழ்ந்த கோவில்பட்டியில் சிலை இருக்கிறது. வீரவநல்லூர் தாண்டியதும் அம்மா "போடு" என்பார். கயத்தாறு காற்றாலைகள் தெரியும்போது கைப்பிடியைப் பற்றியிருந்த கை மடிக்கு இறங்கித் தாளம் போடும். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பென் டிரைவ் வண்டியிலேயே இருக்கிறது.