அடிப்படைத் தயாரிப்பைச் சோதிப்பதா, பழைய அமைப்பை மாற்றுவதா: எதை எப்போது தேர்ந்தெடுப்பது?

ஒரு யோசனை பயனர்களுக்கு உண்மையிலேயே வேண்டியதுதானா என்று அறிவதற்காக, மிகச் சில வசதிகளுடன் வெளியிடப்படும் முதல் வடிவமே அடிப்படைத் தயாரிப்பு. பழைய அமைப்பை மாற்றுவது என்பது, ஏற்கெனவே பலர் நம்பியிருக்கும் மென்பொருளின் இடத்தில் புதியதை அமர்த்துவது. முன்னதில் தெரியாதது தேவை. பின்னதில் தேவை நன்றாகவே தெரியும்; தெரியாமல் கிடப்பவை, பழைய நிரலுக்குள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துவிட்ட, எவரும் எழுதி வைக்காத விதிகள். மாதக் கடைசி நாள் விடுமுறையானால் வட்டியை எந்தத் தேதியில் கணக்கிடுவது என்ற ஒரே வரி, புதிய அமைப்பில் விடுபட்ட பிறகுதான் பலரின் கண்ணில் படும்.

புல்வெளியில் ஓர் ஒற்றையடிப் பாதையை வெட்டிவிட்டு, ஆட்கள் நடக்கிறார்களா என்று காத்திருந்து பார்க்கலாம். ஓயாத போக்குவரத்துள்ள பாலத்தில் அது நடக்காது. பக்கத்திலேயே புதியதை எழுப்பி, வண்டிகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். தன் உலாவியை அடியோடு மாற்றி எழுதிய நெட்ஸ்கேப் நிறுவனம், 1997-இல் 4-ஆம் பதிப்பை வெளியிட்டபின், 2000-இல்தான் 6-ஆம் பதிப்பைத் தர முடிந்தது (5 வெளிவரவே இல்லை). எனவே, பழைய அமைப்பைப் பகுதி பகுதியாக மாற்றுவதையே நான் விரும்புவேன்.

அடிப்படைத் தயாரிப்பு என்றால் அரைகுறைத் தயாரிப்பு என்று பலர் கருதுகின்றனர். அதில் வசதிகள்தாம் குறைவு, இருக்கும் வசதி பிழையின்றி இயங்கியாக வேண்டும்.