சலங்கைக்குப் பக்கத்தில் ஒரு சென்சார்

கேள்வி: பரதநாட்டியம் ஆடுகிறேன். கால் தட்டும்போதும் கை அசையும்போதும் கணினியிலிருந்து ஒலி எழ வேண்டும் என்று ஆசை. சென்சார் கையுறை வாங்கலாமா?

பதில்: கையுறை இப்போது வேண்டாம். பிரிட்டிஷ் பாடகி இமோஜன் ஹீப் தன் குழுவோடு உருவாக்கிய மிமு கையுறை அருமையான கருவிதான். ஆனால் விலை அதிகம், அதோடு அது பாடிக்கொண்டே ஒலியை வளைப்பவருக்கானது. உங்கள் தாளம் காலில் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அதிர்வை மின்சிக்னலாக்கும் பீசோ தகடு ஒன்றைக் குதிகாலின் பக்கவாட்டில் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். சலங்கைப் பட்டையில் ஒட்டினால் மணி குலுங்குவதையெல்லாம் தட்டாக எண்ணிவிடும். இஎஸ்பி-32 என்ற சிறிய நிரல் போர்டு அந்தச் சிக்னலை மிடியாக்கி, அதாவது இசைக்கருவிகள் கணினியோடு பேசும் குறியீடாக்கிக் கணினிக்கு அனுப்பும். பீசோவுக்கு இணையாக 1 மெகா ஓம் மின்தடையும் 3.3 வோல்ட் ஜீனர் டையோடும் போடுங்கள். மின்னழுத்தம் எகிறாமல் தடுப்பவை இவை; இல்லாவிட்டால் ஓங்கித் தட்டும்போது போர்டு போய்விடும்.

ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று ஒலி வரும், பயப்படாதீர்கள். தட்டிய பின்னும் தகடு அதிர்வதால் வருவது அது. முதல் அடிக்குப் பிறகு 60 மில்லிவினாடி எதையும் கேட்காதே என்று நிரலில் எழுதிவிடுங்கள். நிமிடத்துக்கு 60 அட்சரம் போகும் லயத்தில், மூன்றாம் காலத்தில், அதாவது அட்சரத்துக்கு நான்கு அடியாகத் தட்டடவு செய்தாலும் அடிகளுக்கிடையே 250 மில்லிவினாடி இருக்கும், ஒன்றும் விழுங்கப்படாது. ஆனால் புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் கூடாது. அதில் 200 மில்லிவினாடி தாமதம் சாதாரணம், அடுத்த தட்டு வரும்போதுதான் முந்தைய ஒலி கேட்கும். கம்பி இணைப்புள்ள ஸ்பீக்கரே நல்லது.

சரி, கை? மணிக்கட்டில் கட்டும் எம்பியு-6050 என்ற அசைவு சென்சார் சாய்வையும் சுழற்சியையும் சொல்லும், முத்திரையைச் சொல்லாது. பதாகமும் கத்தரீமுகமும் அதற்கு ஒன்றுதான். எனவே கையை உயர்த்தினால் தம்புரா ஓங்கட்டும், அவ்வளவு போதும். ஆளுக்கு ஆள் இங்கேதான் பத்து ஒலிகளை அடுக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். 1984-இல் 'தி ஹேண்ட்ஸ்' என்ற கைக்கருவியை ஆம்ஸ்டர்டாமில் அரங்கேற்றிய டச்சு இசைக்கலைஞர் மிஷெல் வைஸ்விஸ், ஒரு கட்டத்தில் அதை மாற்றுவதை நிறுத்திவிட்டு வாசிக்கப் பழகினார். நீங்களும் நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பே நிரலை மாற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், போர்டும் லித்தியம் பேட்டரியும் ஒட்டியாணத்துக்குப் பின்னால் இருக்கட்டும், கணுக்காலில் வேண்டாம். அங்கிருந்து பாதத்துக்கு வரும் கம்பியை முழுமண்டியில் உட்கார்ந்தபடி அளந்து வெட்டுங்கள். நின்றபடி அளந்தால் முதல் மண்டியடவிலேயே சால்டரிங் பிய்ந்துவிடும்.