தூக்கத்துக்கு டாக்டர்

அன்புள்ள அக்கா,

பெயர் போட வேண்டாம். அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். வயது 58, கோவில்பட்டியில் அப்பாவோடு இருக்கிறார். ஒரு வருடமாக ‘நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் எரியுது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாமே நார்மல். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து லைட் போடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அப்பா சொன்னார். நான் பெங்களூரில் இருந்தபடியே ஆன்லைனில் ஒரு தெரபிஸ்டைப் பிடித்து, 45 நிமிடத்துக்கு 1500 ரூபாய் கட்டி, பேச வைத்தேன். நல்ல பெண்தான், தமிழில்தான் பேசினார். ‘உங்களுக்குன்னு பவுண்டரி வச்சுக்கப் பழகுங்க ஆன்ட்டி’ என்றாராம். அம்மா என்னிடம், ‘பவுண்டரின்னா காம்பவுண்டு சுவரா? அதான் இருக்கே’ என்று கேட்டார். அடுத்த வாரம் போன் முன்னால் உட்காரவே மறுத்துவிட்டார். கவுன்சலிங் எல்லாம் நம் அம்மாக்களுக்குச் சரிப்படாது என்று விட்டுவிடலாமா? என்ன சொல்லி மறுபடி அழைத்துப்போவது?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

காம்பவுண்டு சுவரைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. மாமியார், கொழுந்தனார், பிள்ளைகள் என்று எத்தனையோ வருடம் ஒரே அடுப்படியில் வாழ்ந்த நம் அம்மாக்களிடம் போய் பவுண்டரி என்றால் சுவர்தான் ஞாபகத்துக்கு வரும். மற்றவர்களுக்காக எவ்வளவு தூரம் போவது என்று நாமே போட்டுக்கொள்ளும் எல்லையைத்தான் தெரபிஸ்ட் அப்படிச் சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆங்கிலத்தில் படித்ததை அப்படியே தமிழில் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். தமிழில் பேசுவது வேறு, நம் வீட்டுப் பெண்கள் வலியைச் சொல்லும் விதம் காதில் விழுவது வேறு. அவர்கள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வதே அபூர்வம். நெஞ்சு, வயிறு, கால், தூக்கம் என்று உடம்பு வழியாகத்தான் சொல்வார்கள். கேட்கிறவர் இசிஜி எடுத்துவிட்டு ‘ஒண்ணுமில்லம்மா’ என்று அனுப்பிவிடுவார். ஒன்றுமில்லாமலா மூன்று மணிக்கு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்?

விட வேண்டாம். ஜிம்பாப்வேயில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன், உங்கள் அம்மா விஷயத்துக்கு அது நெருக்கமானது.

டிக்சன் சிபாண்டா என்று ஒரு மனநல மருத்துவர். நாடு முழுவதுக்கும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மனநல மருத்துவர்கள் இருந்த காலம். அவரிடம் சிகிச்சைக்கு வரவேண்டிய ஓர் இளம்பெண் வராமல் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டதற்கு, பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. அதற்குப் பிறகுதான் 2006இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில், ஏற்கெனவே சுகாதாரத் தொண்டர்களாக இருந்த 14 பாட்டிமார்களை வைத்து வேலையைத் தொடங்கினார். கிளினிக்கில் கொடுக்க அறை இல்லை, அதனால் வெளியே ஒரு மரப் பெஞ்சு. முதலில் ‘மனநலப் பெஞ்சு’ என்று பெயர் வைத்தார், ஒருத்தரும் வந்து உட்காரவில்லை. பின்னே, நம் ஊரில் மட்டும் உட்கார்வார்களா? பாட்டிமார்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். அப்படித்தான் அது ‘நட்புப் பெஞ்சு’ ஆனது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒரு சொல். டிப்ரஷன் என்ற சொல்லை அவர்கள் தூக்கிக்கொண்டு திரியவில்லை. அங்கே பேசும் ஷோனா மொழியில் ஊரே சொல்கிற ‘குஃபுங்கிசிசா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது என்று அர்த்தம். ‘ஒரே யோசனையா இருக்கு’ என்று நம் அத்தைகள் சொல்கிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். வருகிறவர் தன் பிரச்சினைகளை எல்லாம் கொட்டுவார், அதில் ஒன்றே ஒன்றை அவரே பொறுக்குவார், அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிப்பார்கள். மொத்தம் ஆறு அமர்வு. அப்புறம் பெண்கள் குழுவாகக் கூடி, பழைய பிளாஸ்டிக்கைக் கீறிக் கொக்கியால் பை பின்னிக்கொண்டே பேசுவார்கள். கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கும், பூக் கட்டும் திண்ணையில் நாம் பார்க்காததா.

உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடுமா என்று உங்கள் அப்பா கேட்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 573 பேரை வைத்துச் சோதித்து 2016இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத்தான் இருந்தது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். அம்மா போனில் பேசும்போது அப்பா எங்கே இருந்தார்? ஹாலில் டிவி முன்னால் என்றால், அம்மா என்னத்தைச் சொல்வார்? பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் இதே சிக்கல். மாமியார் உட்கார்ந்திருக்கும் வீட்டில், பிள்ளை பெற்ற மருமகளுக்கு ‘மனநோய் சிகிச்சை’ என்று போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். அதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவரும் கூட இருந்தவர்களும் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்கள். வழக்கமாக வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்து, தாயும் சேயும் நன்றாக இருப்பதற்கான திட்டம் என்று சொல்லி அனுப்பினார்கள். குழந்தை என்றதும் மாமியாரும் வழிவிட்டார். 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு இருந்தது, பயிற்சி பெற்ற ஊழியர்கள் போய்ப் பார்த்த தாய்மார்களில் நூற்றுக்கு 23 பேருக்கு, மற்ற தாய்மார்களில் 53 பேருக்கு. நம் ஊரிலும் 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரையோடு வாசலுக்கே பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பயிற்சியையும் கொடுத்தால் என்ன என்று எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை.

ஒரு எச்சரிக்கை. ‘நம்ம கலாச்சாரம் தெரிஞ்ச கவுன்சலர்’ என்று தேடிப்போய், ‘ஆம்பளைங்க அப்படித்தாம்மா, நீதான் அனுசரிச்சுப் போகணும்’ என்கிற அத்தையிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். அதைச் சொல்ல ஏற்கெனவே வீட்டில் பத்துப் பேர் இருக்கிறார்கள், இலவசமாக. அம்மாவின் மொழியும் அவர் வீடும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் வீட்டுக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. முதல் நாளே ‘அனுசரி’ என்ற சொல் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

என் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. நெஞ்சில் உருண்டை மாதிரி என்னமோ ஏறி இறங்குது என்பார். ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடம் கேஸ் மாத்திரையும் பி காம்ப்ளெக்ஸும் கொடுத்தார்கள். கடைசியில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, பாதி சுற்றும் ஃபேன். மருத்துவரைப் பார்த்தபின் ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார்கள், முப்பது வயதுகூட இருக்காது. என்னை வெளியே இருக்கச் சொன்னார், கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதால் எனக்குக் கேட்டது. எடுத்ததும் ‘என்ன பிரச்சினை’ என்று கேட்கவில்லை. ‘குழம்புல உப்பு மறந்து போகுதாம்மா?’ என்றார். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், ‘ரெண்டு தடவ போட்டுடறேன். அவர் தட்டைத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சிடறார்’ என்றவர், அழ ஆரம்பித்தார். நாற்பது வருடத்தில் அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நீங்கள் செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான். ஊருக்குப் போகும்போது பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று விசாரித்து, அம்மாவைத் தனியாகக் கூட்டிப்போங்கள், அப்பா வேண்டாம். பேச்சு மட்டும் போதுமா, மாத்திரையும் வேண்டுமா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும். மாத்திரை என்றால் பயப்படாதீர்கள், பிரஷருக்கு மாத்திரை போடுகிறார்களே, அந்த மாதிரிதான். அதற்கு முன்பே ஏதாவது ராத்திரி பயமாக இருந்தால் 14416, டெலிமானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரி அம்மா ஏதாவது சொன்னால் ஊருக்குப் போகிற நாள்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

என்ன சொல்லி அழைத்துப்போவது என்று கேட்டிருந்தீர்கள். பெரியம்மாவிடம் ‘தூக்கத்துக்கு ஒரு டாக்டர் இருக்கார்’ என்றுதான் நான் சொன்னேன். உடனே புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். நீங்களும் அதையே சொல்லுங்கள், பொய்யும் இல்லை, மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறார் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்.

அன்புடன்,
அக்கா