எந்தத் துறையிடம் கேட்பது?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ப்பக்கத்து எம்.பி. ஒருவர் மக்களவையில் ஜீரோ அவரில் (கேள்வி நேரம் முடிந்தபின் உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்புகிற நேரம்) பேசிய காணொளி எங்கள் மயூர் விஹார் தமிழர் வாட்ஸாப் குழுவில் சுற்றுகிறது. விலைவாசி, டீசல், இலங்கைச் சிறையில் மீனவர்கள், கச்சத்தீவு, கடைசியில் காசா. எல்லாம் மூன்றே நிமிடம், அப்புறம் மைக் அணைந்துவிட்டது. எந்த அமைச்சரும் பதில் சொல்லவில்லை. உள்நாட்டையும் வெளிநாட்டையும் இப்படிக் கலந்துகட்டிப் பேசினால் யாருக்கு என்ன பயன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எனக்கும் அது மூன்று குழுக்களிலிருந்து வந்துவிட்டது. ஜீரோ அவரில் எழுப்புகிற விஷயத்துக்கு அமைச்சர் அங்கேயே எழுந்து பதில் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதனால் அந்த மௌனத்தை நான் பெரிதுபடுத்தமாட்டேன்.

கலந்துகட்டியதைப் பற்றி ராமேஸ்வரத்துக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். படகு பிடிபட்டால் வெளியுறவுத் துறை. டீசல் விலைக்குப் பெட்ரோலியத் துறை. ஆழ்கடலுக்கு மாற மானியம் வேண்டுமானால் மீன்வளத் துறை. கடலோரக் காவல் படையோ பாதுகாப்புத் துறைக்குக் கீழே. அவருக்கு எல்லாம் ஒரே இரவில் ஒரே கடலில் நடக்கிறது. நாம்தான் டெல்லியில் அதற்குத் தனித்தனிக் கட்டடம் கட்டி வைத்திருக்கிறோம்.

என் குறை வேறு. ஒரு விஷயத்துக்கு அரை நிமிடம் என்றால் அது பேச்சில்லை, பட்டியல். பழைய கட்டடத்தின் பார்வையாளர் மாடத்தில் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன் (கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள், அதனால் முழுக் கவனம்). பாதி இருக்கைகள் காலி. பேசியவர்கள் அமைச்சர் பக்கம் திரும்பவே இல்லை, காமிராவைத்தான் பார்த்தார்கள்.

மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்பவை) 20, குறியிடாதவை 230 வரை பட்டியலில் வரும். இரண்டாவது வகைக்கு எழுத்தில் பதில் வந்தாக வேண்டும். அதை யாரும் வாட்ஸாப்பில் அனுப்புவதில்லை. 2017இல் இலங்கை இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) மீன்பிடிப்பைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே ஆண்டு இங்கே பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடலுக்கு மாற்ற ஒரு திட்டம் தொடங்கினார்கள். எத்தனை படகு மாறியது, மாறியவர்களில் எத்தனை பேர் கடன் கட்ட முடியாமல் திரும்பி வந்தார்கள் என்று மீன்வளத் துறையிடம் கேட்டால் அதுவே வெளியுறவுக் கேள்விதான். கொழும்போடு எப்போது பேச உட்கார்ந்தாலும் இழுவைமடியில் வந்துதானே சிக்குகிறது.

சரி, கச்சத்தீவு. 1974 ஜூனில் தீவு இலங்கைப் பக்கம் போகும்படி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 23 அன்றுதான் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தார். தி.மு.க.வின் இரா. செழியனும் ராமநாதபுரம் எம்.பி. மூக்கையாத் தேவரும் கடுமையாக எதிர்த்தார்கள். ஒன்றும் மாறவில்லை, மாறவும் வழியில்லை. ஏனென்றால் நம் அரசியல் சட்டப்படி அரசு ஒப்பந்தம் போட நாடாளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை. நிலத்தை விட்டுக்கொடுத்தால் மட்டும் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று 1960இல் பெருபாரி விவகாரத்தில் (மேற்கு வங்கத்தில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றியது) உச்ச நீதிமன்றம் சொன்னது. கச்சத்தீவு தகராறில் இருந்த இடம், விட்டுக்கொடுக்கவில்லை, எல்லைதான் வகுத்தோம் என்பது அரசின் வாதம். 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் இரு அரசுகளின் கடிதப் பரிமாற்றத்திலேயே அந்தப் பக்கத்துக் கடலில் நம் மீனவர்களின் மீன்பிடிப்பும் முடிந்துபோனது. ஆனாலும் இன்றைக்குக் கச்சத்தீவு பற்றி வாய் திறக்கிற எல்லாரும் அன்று அந்த இருவர் அவையில் பதிவுசெய்த வாதத்தைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். அவர்கள் அன்று ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள், கவனித்தீர்களா?

உங்கள் எம்.பி. பெயரை மக்களவை இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எழுத்துக் கேள்விகளும் பதில்களும் அங்கே கிடக்கும். சில பதில்கள் ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அப்படி ஒன்று அகப்பட்டால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து திட்டலாம்.