பிளாஸ்மாவுக்குள் எதையும் விடாமல், வெளியே வரும் ஒளியை மட்டும் வைத்து வாயுவின் வெப்பநிலையைச் சொல்ல முடியுமா?

நீங்கள் கேட்டது: 10 பாஸ்கல் என்ற குறைந்த அழுத்தத்தில் ஆர்கானும் நைட்ரஜனும் கலந்த பிளாஸ்மா (அயனியான வாயு), அதை அளக்க லாங்முயர் புரோப் என்ற கம்பியை உள்ளே விட்டால் அதன்மேலேயே படலம் படிகிறது, ஒளி மட்டும் போதுமா?

போதும். ஆனால் ஆர்கான் இருக்கும்வரை, நைட்ரஜன் ஒளியில் 337, 380 நானோமீட்டரில் வரும் பட்டைகள் (நெருக்கமான கோடுகளின் தொகுப்புகள்) தரும் எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். நான் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவன், வேலை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வெற்றிட ஆய்வகத்தில். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் திருச்சியிலிருந்து வந்திருந்த ஓர் அண்ணா. "ஒளியைப் படிக்கும் முன்னால் அது எப்படிப் பிறந்தது என்று கேள்" என்பார்.

சுத்த நைட்ரஜனை முதலில் எடுத்துக்கொள்வோம். சுமார் 11 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் ஓர் எலக்ட்ரான் மூலக்கூறை மோதி C எனப்படும் உயர் ஆற்றல் நிலைக்கு ஏற்றுகிறது. ராட்டினத்தில் ஈ மோதியது போலத்தான், மூலக்கூறின் சுழற்சி அநேகமாக மாறுவதில்லை. C நிலையின் ஆயுள் ஏறக்குறைய 40 நானோநொடி. 10 பாஸ்கலில் அடுத்த மூலக்கூறோடு மோத ஒரு மைக்ரோநொடிக்கு மேல் ஆகும். ஆக, மோதுவதற்கு முன்பே ஒளி வந்துவிடுகிறது. தரைநிலையில் (ஆற்றல் ஏறுவதற்கு முந்தைய நிலையில்) எப்படிச் சுழன்றதோ அந்தப் பரவலே பட்டையில் பதிகிறது. தரைநிலை மூலக்கூறுகளோ தங்களுக்குள் பலமுறை மோதி வாயுவின் வெப்பநிலைக்கு வந்தவை. குறைந்த அழுத்தம் நமக்குச் செய்யும் பெரிய உதவி இது.

சிறிய ஸ்பெக்ட்ரோமீட்டரில் சுழற்சிக் கோடுகள் தனித்தனியாகப் பிரியாது, பரவாயில்லை. பட்டையின் தலை 337.1 நானோமீட்டரில் இருக்கும், வால் குறைந்த அலைநீளத்தின் பக்கம் நீளும். வாயு சூடாக ஆக வால் உயரும். கணினியில் கணக்கிட்ட வடிவத்தை அதன்மேல் பொருத்தினால் வெப்பநிலை கிடைக்கும். அதற்கு முன் பாதரச விளக்கின் 404.7 கோட்டை வைத்து உங்கள் கருவியின் கோட்டகலத்தை (மெல்லிய கோட்டை அது எவ்வளவு அகலமாகக் காட்டுகிறது என்பதை) அளந்துவிடுங்கள். அது தவறினால் எல்லாமே தவறும். அப்புறம் 380.5 பட்டையையும் தனியாகப் பொருத்துங்கள். இரண்டும் ஒரே மேல்நிலையிலிருந்து வருபவை, ஒரே விடையைத் தர வேண்டும்.

இப்போது ஆர்கான். அதன் மெட்டாஸ்டேபிள் அணுக்களிடம் (ஏறிய ஆற்றலை ஒளியாக எளிதில் விடாமல் நீண்டநேரம் வைத்திருப்பவை) 11.55, 11.72 எலக்ட்ரான்வோல்ட் இருக்கிறது, C நிலைக்குத் தேவையானதைவிடச் சற்றே அதிகம். அவை நைட்ரஜனை மோதும்போது மிச்சம் அதிர்வுக்கும் சுழற்சிக்கும் போய்விடுகிறது. அப்படிப் பிறந்த மூலக்கூறு ஆரம்பத்திலேயே வேகமாகச் சுழல்கிறது. நீங்கள் பார்ப்பது வாயுவின் சூடு இல்லை, அந்த மோதலின் தடம். இதில் 337ம் 380.5ம் சேர்ந்தே தவறும், அதனால் மேலே சொன்ன சோதனை இங்கே காப்பாற்றாது.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த வழி நைட்ரஜன் அயனியின் 391.4 பட்டை. தரைநிலை மூலக்கூறிலிருந்து அந்த நிலைக்கு 18.7 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும், ஆர்கானின் மெட்டாஸ்டேபிள் அங்கே எட்டாது. (ஹீலியம் என்றால் கதை வேறு. அது எட்டிவிடும்.) அண்டார்டிகாவில் நம் நாட்டின் சானே 4 ஆய்வு நிலையத்திலிருந்து தெரியும் துருவ ஒளியின் ஊதாவிலும் இதே பட்டை உண்டு. அதே மூலக்கூறு அங்கேயும் பேசுகிறது என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது. ஒரு கவனம்: மீத்தேனோ பம்பின் எண்ணெய் ஆவியோ உள்ளே இருந்தால், சயனோஜனின் 388.3 பட்டை இதன் வாலில் ஏறிக்கொள்ளும்.

நீங்களும் டர்பன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் கலனைத் திறந்து மூடினால் சுவரில் ஒட்டிய நீர் லேசில் போகாது, 309 நானோமீட்டரில் ஹைட்ராக்சில் (OH) பட்டை தெரிந்துகொண்டே இருக்கும். அதை நீர் இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீர் உடையும்போதே ஹைட்ராக்சில் வேகமாகச் சுழன்றபடி பிறப்பதால், அது தரும் வெப்பநிலை பொய்யாக உயர்ந்திருக்கும். இதைப் பார்க்க குவார்ட்ஸ் ஜன்னல் வேண்டும், சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

சரி, இனி செய்ய வேண்டியது: மின்திறனையும் அழுத்தத்தையும் மாற்றாமல் 380.5, 391.4 இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பதிவுசெய்து தனித்தனியாகப் பொருத்துங்கள். ஒத்துப்போனால் அந்த எண்ணை ஆய்வேட்டில் எழுதலாம். 380.5 மட்டும் எகிறினால் அது பெரும்பாலும் ஆர்கானின் வேலை. அப்படியானால் நிறமாலையையும் பாதரசக் கோட்டின் அகலத்தையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.