குரூஸர் வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்: கேள்வி பதில்

பன்னிரண்டு ஆண்டுகளாகக் குரூஸர் வகை மோட்டார் சைக்கிள்களையே, அதாவது தாழ்வான சீட்டில் கால்களை முன்னால் நீட்டி அமர்ந்து ஓட்டும் வண்டிகளையே, ஓட்டிவருகிறேன். முதலில் 220 சிசி, இப்போது ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வண்டியைப் பற்றியே இருந்ததால் பதில்களும் அதைச் சுற்றியே அமைந்துள்ளன.

என் உயரம் 160 செ.மீ. மீட்டியோரின் எடை 191 கிலோ என்றதும் வீட்டில் தயங்குகிறார்கள். என்னால் சமாளிக்க முடியுமா? (செங்கல்பட்டு)

சீட்டின் உயரம் 765 மி.மீ. மட்டுமே என்பதால் உங்கள் இரண்டு பாதங்களும் தரையில் பதியும். அந்தக் கவலை வேண்டாம். வண்டி நகரத் தொடங்கிவிட்டால் எடையும் தெரியாது. எடை தெரிவதெல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளும்போதுதான். ஷோரூமில் டெஸ்ட் ரைடு கேட்பதற்கு முன், இன்ஜின் அணைந்த நிலையில் வண்டியின் மீது அமர்ந்து, கால்களால் உந்தி, பத்தடி பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். பிறகு இறங்கி நின்று, ஹேண்டில்பாரை முழுவதுமாக இடப்பக்கம் திருப்பி ஒருமுறை தள்ளிப் பாருங்கள். இவ்விரண்டிலும் மூச்சு வாங்கவில்லையென்றால் வாங்கலாம்.

வாங்கிய முதல் வாரத்தில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், இறக்கத்தில் சுவரைப் பார்த்தபடி வண்டியை நிறுத்திவிட்டு மேலே போய்விட்டேன். மறுநாள் காலை அதைப் பின்னுக்கு இழுக்க முடியாமல், பால் பாக்கெட் போட வந்த தம்பியையும் காவலாளியையும் அழைத்து மூவராக இழுத்தோம். இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. சரிவில் நிறுத்தும்போது முன்சக்கரம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து மறந்ததில்லை.

தினமும் ஒரகடத்துக்கு 22 கி.மீ. போய்வருகிறேன், ஆண்டுக்கு இரண்டு நெடும்பயணம் உண்டு. 350 போதுமா, சூப்பர் மீட்டியோர் 650-க்குப் போகலாமா? (தாம்பரம்)

ஆண்டில் முந்நூறு நாள் செய்கிற வேலைக்கு ஏற்ற வண்டியைத்தான் வாங்க வேண்டும். 650-ன் இரட்டை சிலிண்டர் இன்ஜின் அருமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வண்டி 241 கிலோ எடையுள்ளது, சிக்னலில் நிற்கும்போது அதன் சூட்டைக் கால்கள் உணரும், தரையிலிருந்து இடைவெளி 135 மி.மீ.தான் என்பதால் நம்மூர் வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசாமலிருக்கக் கவனம் தேவை. விலையிலும் இப்போது இடைவெளி கூடிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். மீட்டியோரின் இன்ஜின் 349 சிசி. ஒரு சிசியில் தப்பித்தது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

350-ல் 80, 85 கி.மீ. வேகத்தில் நாள் முழுவதும் அலுப்பில்லாமல் போகலாம். நூறைத் தாண்டினால் இன்ஜின் திணறத் தொடங்குவது காதுக்கே கேட்கும். உங்கள் நெடும்பயணங்களில் எப்போதும் 120-ல்தான் போவேன் என்பவரானால் என் பதில் வேறு.

சென்னையிலிருந்து திருச்சி போவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடுகிறது. குரூஸர் என்றால் சொகுசு என்றுதானே சொன்னார்கள்? (குரோம்பேட்டை)

கால்களை முன்னால் நீட்டி அமரும்போது உடலின் பாரம் முழுவதும் வால் எலும்பின் மீது இறங்குகிறது. சாதாரண வண்டியில் பள்ளம் வரும்போது புட்ரெஸ்ட்டில் காலூன்றிச் சற்றே எழுந்துகொள்வோம். குரூஸரில் புட்ரெஸ்ட் முன்னே இருப்பதால் அப்படி எழ முடியாது, அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்குப் போகும். சொகுசு என்பது வழவழப்பான சாலைக்கு மட்டும் பொருந்தும் சொல். பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஆறு நிலைகள் உள்ளன. தனியாகப் போகும்போதும் அது இறுக்கமான நிலையிலேயே விடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முந்தைய வாரம் இருவராகப் போனபோது இறுக்கியதை மறந்துவிட்டு முதுகைக் குறை சொல்பவர்கள் பலர். வேகத்தடைக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தை முடித்துவிடுங்கள். எண்பது, தொண்ணூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள். இவ்வளவும் செய்தும் வலி தொடர்ந்தால் மெத்தை மாற்றிப் பயனில்லை. நேராக அமரும் வண்டிதான் உங்களுக்கு உகந்தது.

அம்மா புடவையில் ஒருபக்கமாகத்தான் அமர்வார். (மதுரை)

முன்பதிவுக்கு முன் அம்மாவையே ஷோரூமுக்கு அழைத்துச் செல்லுங்கள். சாய்மானம் உள்ள மாடலில், பின்னால் இருபுறமும் கால்போட்டு அமர்பவருக்கு அது வரம். ஒருபக்கமாக அமர்பவருக்கு அதே சாய்மானம் இடுப்பில் இடிக்கலாம். ஏறி இறங்கிப் பார்த்து அவரே சொல்லட்டும். சேலை கார்டைக் கழற்றினால் வண்டி அழகாக இருக்கும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். முந்தானை சக்கரத்தில் சிக்கும் விபத்து ஒரே நொடியில் நடந்துவிடும். அவருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் கட்டாயம்.

சைலன்சரை மாற்றி நல்ல சத்தம் வரவழைக்கலாமா? (கோவை)

கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. வாரண்டியிலும் சிக்கல் வரும்.

கொல்லிமலை ஏற குரூஸர் சரிப்படுமா? (நாமக்கல்)

எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் உங்களுக்கு வண்டியைக் கற்றுக்கொடுத்துவிடும். குரூஸரை அதிகமாகச் சாய்க்க முடியாது. சாய்த்தால் புட்ரெஸ்ட் தார் ரோட்டை உரசும். அந்தச் சத்தத்தில் பதறி வளைவின் நடுவே முன்பிரேக்கைப் பிடிப்பதுதான் ஆபத்து. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியருக்கு வந்து, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வைத்து ஓட்டுங்கள். இறங்கும்போதும் அதே கியர். கிளட்சைப் பிடித்தபடி உருளவிட்டால் இன்ஜினின் பிடிமானம் போய்விடும், பிரேக் சூடேறிவிடும்.

கடற்கரை அருகே வீடு. செயின் ஒரே மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. (திருவான்மியூர்)

உப்புக்காற்றுக்கு நீங்கள் தப்ப முடியாது. 500 கி.மீ.க்கு ஒருமுறை என்ற கணக்கை மறந்து, மழையில் நனைந்த ஒவ்வொரு முறையும் செயினைத் துடைத்து எண்ணெயிடுங்கள். சங்கிலியில் ரப்பர் வளையங்கள் இருப்பதால் பெட்ரோல் போட்டுக் கழுவக் கூடாது. மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ போதும். வண்டியை ஓட்டிவந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி, உட்புறத்தில் எண்ணெய் விழுமாறு விட்டு, அரைமணி கழித்து மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். நேரம் மிச்சமாகும் என்று இன்ஜினை ஓடவிட்டு இதைச் செய்யவே கூடாது. துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும்.

ஐந்து ஆண்டு இன்சூரன்ஸ் கட்டிவிட்டேன். இனிக் கவலையில்லைதானே? (சேலம்)

பாலிசியை எடுத்துப் படியுங்கள். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனத்துக்குக் கட்டாயமாக்கப்பட்டது, பிறருக்கு நேரும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டின் ஐந்து ஆண்டுகள்தான். உங்கள் வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்குமான பகுதி பெரும்பாலும் ஓராண்டோடு முடிந்துவிடும். முடியும் தேதியைப் பார்த்து, அதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

கம்பிச் சக்கரம் அழகா, அலாய் அழகா? (தஞ்சாவூர்)

கம்பிச் சக்கரம்தான் அழகு. ஆனால் அதில் பெரும்பாலும் டியூப் இருக்கும். இரவு பத்து மணிக்கு விக்கிரவாண்டியைத் தாண்டிப் பஞ்சரானால் சக்கரத்தையே கழற்ற வேண்டியிருக்கும். அலாயில் டியூப் இல்லாத டயர் என்பதால் நான் அதையே வாங்கினேன்.